குழல் மாற்று வைபவம்

சங்கீதம் பயில்கிறவர்களில் ஆரம்ப வித்தியார்த்திக்கு ஊராரின் அனுதாபம் உண்டு. வித்துவானுக்கு மரியாதை உண்டு. இவ்விருவருக்கும் நடுவில், சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் அலங்காரமும் கீதமும் கடந்து, வர்ணத்தின் வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டு மற்றொரு காலை எடுத்து வைக்க வகையறியாமல் வருஷக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும் நடுத்தர வித்தியார்த்திக்கு இவை இரண்டுமே கிடையாது. முன்பெல்லாம் "கத்துக்கிறார், பாவம்" என்று சொல்லி ஜன்னலை மெதுவாகச் சாத்திய அண்டை வீட்டார், இப்போது "இன்னுமா?" என்று கேட்டுவிட்டுப் படாரென்று சாத்துகிறார்கள். இப்படிப்பட்ட திசையில் இருக்கிறவனுக்குத் தன் வித்தையின் மீது எழ வேண்டிய சந்தேகம் தன் வாத்தியத்தின் மீது எழுவது மனித சுபாவம்.

இந்தச் சந்தேகத்துக்குப் புல்லாங்குழலைப் போல இடங்கொடுக்கும் வாத்தியம் வேறொன்றும் இல்லை. வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்து நிற்கின்றன. பிசகினால் பிசகினது விரல்தான் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையும் சொல்லிவிடும். ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால், அழுத்துகிறவன் யாராக இருந்தாலும், ஸ்வரம் ஒன்றேதான். குழலிலோ, உதட்டுத் துவாரத்தைச் சற்று அதிகமாக மூடி ஊதினால் சுருதி இறங்குகிறது. சற்று வெளிப்புறமாகத் திருப்பி ஊதினால் ஏறுகிறது. கோபத்தோடு ஊதினால் இன்னும் ஏறுகிறது. ஆகவே குழலின் குற்றமும் ஊதுகிறவனின் குற்றமும் ஒரே துவாரத்தில் பிறந்து, ஒன்றாகவே வெளியே வருகின்றன. பிரித்துக் காட்ட எந்த நியாயாதிபதியாலும் ஆகாது. இந்தச் சௌகரியத்தை நான் நெடுநாள் அனுபவித்து வந்தேன்.

என் வாத்தியார் ஐயா சூலூர்ப்பேட்டைக்காரர். அவரிடம் மூன்று தீர்ப்புகள் உண்டு. ஏதோ ஒரு நாள் அதிர்ஷ்டவசமாகச் சுருதி சேர்ந்துவிட்டால் தெலுங்கில் "பாக உந்தி" என்பார். மற்ற நாட்களில் "பரவாலேது" என்பார். அதற்கும் கீழே போனால் ஒன்றும் சொல்லாமல் மின்விசிறியைப் பார்ப்பார். சமீப காலமாக அவர் மின்விசிறியைப் பார்க்கும் நேரம் அதிகமாகி வந்தது. அன்று மோகன வர்ணத்தின் முதல் வரியை நான் முடித்தபோது, விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இந்தக் குழலும் உங்களுக்குச் சரிப்படாது சார், வேற ஒண்ணு பாருங்க" என்றார். அந்த 'உம்' எதைக் குறிக்கிறது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

பழைய குழல் செங்காளம்மன் கோயில் திருநாளில், பலூனும் பொம்மையும் தொங்கிய ஒரு மூங்கில் கழியிலிருந்து வாங்கியது. அதை வாங்கியபோது என் நோக்கம் சங்கீதமல்ல, பேரப்பிள்ளையின் அழுகையை நிறுத்துவது. பிள்ளை நிறுத்திவிட்டான்; நான் ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் ஊரைப் பற்றி இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து வடக்கே வரும் புறநகர் ரயில் கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று தமிழ்நாட்டை முடித்துக்கொண்டு முதன்முதலாக ஆந்திர மண்ணில் நிற்கிற இடம் தடா. 1953-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது நெல்லூர் ஜில்லாவோடு ஜில்லாவாக நாங்களும் அந்தப் பக்கம் போனோம். 2022 ஏப்ரலில், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமலே, திருப்பதி ஜில்லாவாசிகள் ஆனோம். ராஜ்யம் மாறியது, ஜில்லா மாறியது, பக்கத்தில் ஸ்ரீசிட்டி வந்து நிலத்தின் விலையும் மாறியது; மாறாதது கிழக்கே பழவேற்காடு ஏரியிலிருந்து வருகிற காற்று ஒன்றுதான். பூநாரைகளுக்கும் படகுக்காரர்களுக்கும் அது அனுகூலமாக இருக்கலாம். குழல்காரனுக்கு அது பரம விரோதி. மாலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஊத ஆரம்பித்தால், உதட்டிலிருந்து புறப்பட்ட மூச்சு துவாரத்தின் மறு விளிம்பைத் தொடுவதற்குள் ஏரிக் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஓசை எழ வேண்டுமானால் அந்த மெல்லிய மூச்சு விளிம்பிலே பட்டு இரண்டாகப் பிளக்க வேண்டும். தடாவில் அது பிளவுபடுவதற்கு முன்பே எல்லை தாண்டிவிடுகிறது.

புதுக் குழல் வாங்குவதாகத் தீர்மானமானதும் முதல் ஆலோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. நியூஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் மகனின் பெண் அங்கே பள்ளிக்கூட வாத்திய கோஷ்டியில் மேனாட்டுக் குழல் வாசிக்கிறாள். "சித்தப்பா, இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு" என்று அவன் டெலிபோனில் விளக்கியதிலிருந்து நான் கிரகித்துக்கொண்டது, அந்தத் தேசத்தில் மனிதர்களிடையே ஜாதி இல்லாவிட்டாலும் குழல்களிடையே உண்டு என்பதுதான். வெள்ளி முலாம் பூசி, சாவிகள் எல்லாம் மூடியபடி இருப்பது மாணவர் குழல். ஊதுகிற தலைப்பகுதி மட்டும் அசல் வெள்ளியாகவும், சாவிகளில் ஐந்து நடுவிலே துவாரம் உள்ளவையாகவும், அடியில் இன்னும் ஒரு ஸ்வரம் இறங்கும்படி வால் நீண்டும் இருப்பது அடுத்த வகுப்பு. முழுவதும் வெள்ளியோ தங்கமோ ஆனால் அது வித்துவான் வகுப்பு. நடுவகுப்புக்கே நம் பணத்தில் லட்ச ரூபாயைத் தாண்டுமாம். பொற்கொல்லர் தொழில் பயின்று மியூனிக் அரண்மனைக் கோஷ்டியில் குழல் வாசித்த தியோபால்ட் போம் என்ற மகானுபாவர் 1847-இல் அந்த உலோகக் குழலுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தார் என்று அறிந்தபோது, பொற்கொல்லர் கை வைத்த வஸ்து விலை ஏறாமல் எப்படி இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனால் அவன் சொன்னதில் ஒரு விஷயம் எனக்கு மிகுந்த ஆறுதலை அளித்தது. மூடிய சாவிகளில் பழகிவிட்டு துவாரச் சாவிகளுக்கு வருகிறவர்களுக்கு விரல் நுனி துவாரத்தைச் சரியாக அடைக்காமல் காற்று கசிகிறதாம். அதற்காக அந்தத் துவாரங்களைச் சின்னத் தக்கைகளால் அடைத்துக்கொண்டு, பழகப் பழக ஒவ்வொன்றாக எடுக்கிறார்களாம். பணம் கொடுத்து துவாரம் வாங்கி, அதைத் தக்கையால் அடைத்து வாசிக்கிறவர்களோடு ஒப்பிட்டால், எட்டுத் துவாரங்களையும் இனாமாகப் பெற்று, அதில் கடைசித் துவாரத்தை எந்த விரலும் சீந்தாமல் திறந்தே போட்டு வைத்திருக்கும் நம்முடைய கர்நாடக சம்பிரதாயம் எவ்வளவு தாராளமானது!

வீட்டுக்குள்ளும் ஆலோசனைக்குக் குறைவில்லை. "மோட்டாருக்கு வாங்கின பிளாஸ்டிக் பைப்பு மாடியில மிச்சம் கிடக்குது, அதுல ஓட்டை போட்டுக்கக் கூடாதாங்க?" என்று என் சம்சாரம் கேட்டாள். பரிகாசம் என்று நினைத்து வாத்தியார் ஐயாவிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. பி.வி.சி. குழாயில் செய்த குழல்கள் விற்கின்றன என்றும், எல்லாக் குழாயும் ஒரே உள்விட்டம் ஆகையால் சுருதி பெரும்பாலும் தவறுவதில்லை என்றும், வெயிலுக்கும் மழைக்கும் வெடிப்பதில்லை என்றும் சொன்னார். இந்தச் செய்தியை வீட்டில் தெரிவிக்க வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மூங்கிலின் சங்கடமே அந்த ஒரே அளவு இல்லாமைதான். கணுவுக்குக் கணு நீளமும், உள்விட்டமும், சுவரின் கனமும் இயற்கை கொடுத்தபடி. இரண்டு மூங்கில் ஒன்றாக இருப்பதில்லை. செய்கிறவர் காய்ந்த மூங்கிலை எடுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துவாரத்தை முதலில் சிறியதாகப் போட்டு, ஊதிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குகிறார். பெரிதாக்கினால் ஸ்வரம் ஏறும். ஏறியது அதிகமாகிவிட்டால் மெழுகை வைத்து அடைப்பதைத் தவிர வேறு கதி இல்லை. இப்படி ஒவ்வொன்றும் தனித்தனியே பிறப்பதால் நம்மிடம் மாணவர் குழல், நடுத்தரக் குழல் என்ற வகுப்பு இல்லை. ஒரே கட்டில், ஒரே விலையில், ஒன்று ரத்தினமாகவும் அதை ஒட்டி நிற்பது அடுப்புக்கு ஊதுகுழலாகவும் இருக்கக் கூடும். கண் பார்வையில்லாத கும்பகோணம் சரப சாஸ்திரிகள், 1872 முதல் 1904 வரை முப்பத்திரண்டே வருஷம் வாழ்ந்து, குழலைக் கச்சேரி மேடையில் பிரதான வாத்தியமாக நிலைநாட்டினார்; அவருடைய சிஷ்யர் பல்லடம் சஞ்சீவ ராவ் அந்தக் கீர்த்தியைக் காத்தார்; 1926-இல் திருவிடைமருதூரில் பிறந்த மாலி என்கிற டி.ஆர். மகாலிங்கம் விரல் பிடிக்கும் முறையையே மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களை மூங்கிலில் வரவழைத்தார். அவர் சிஷ்யர் திருவாரூர் ரமணி நீண்ட குழலைக் கையாண்டு மந்திர ஸ்தாயியின் கம்பீரத்தைக் காட்டினார். இவர்களில் ஒருவராவது ஏதேனும் ஒரு கடையில் போய் நின்று "நடுத்தர வகுப்பில் ஒன்று எடுங்கள்" என்று கேட்டதாக நான் படித்ததில்லை. அந்தப் பெருமை எனக்கென்று காத்திருந்தது.

மயிலாப்பூரில் ஒரு கடை. வாத்தியார் ஐயாவும் துணைக்கு வந்திருந்தார். குளிர்சாதன அறையில், தகர டப்பாக்களில், கட்டை வாரியாகக் குழல்கள் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் சுருதியின் எண்ணைக் கத்தியால் கீறியிருந்தார்கள். உதட்டுத் துவாரத்தின் விளிம்பு கருகியிருந்தது. மூக்கின் அருகே கொண்டு போனால் தீய்ந்த மூங்கில் வாசனை இன்னும் வந்தது. வெடிப்புக்குக் காப்பாகச் சிலவற்றுக்குச் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. முதலில் சுருதியை நிச்சயிக்க வேண்டும் என்றார் வாத்தியார் ஐயா. ஐந்து கட்டைக் குழல் குட்டை, விரல்கள் நெருங்கி உட்காரும், ஓசை கணீரென்றிருக்கும், தப்பும் கணீரென்றே கேட்கும். இரண்டரைக் கட்டைக் குழல் நெடியது. நாதம் கனமாக, தவறுகளைக் கூடக் கொஞ்சம் மூடி மறைக்கிற கருணையோடு வரும். ஆனால் விரல்களை விரித்து வைத்தால் என் மோதிர விரல் போய்ச் சேர வேண்டிய துவாரத்துக்கு அரை அங்குலம் முன்னதாகவே நின்றுவிட்டது. கருணையைக் கைவிட்டு ஐந்து கட்டைக்கே வந்தோம்.

பரீட்சிக்க வேண்டிய முறையையும் அவர் சொல்லிக் கொடுத்தார். மேலிரண்டு துவாரங்களை மூடி ஷட்ஜத்தைப் பிடித்துத் தம்புராப் பெட்டியோடு சேர்த்துக் கேட்க வேண்டும். பிறகு விரலை எடுக்காமல் மூச்சை மட்டும் ஒடுக்கி மேல் ஷட்ஜத்தைப் பிடிக்க வேண்டும். கீழும் மேலும் ஒத்துப் போகாவிட்டால், அந்தக் குழலை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துவிட வேண்டும். அடுத்து, அரைத் துவாரம் எதுவும் மூடாமல் நேர் விரல்களால் ஊதினால் அரிகாம்போதி வர வேண்டும். அதுதான் இந்தக் குழலின் பிறவி மேளம். (எல்லாரும் முதலில் பயில்கிற மாயாமாளவகௌளையோ ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் அரைத் துவாரம் கேட்கும், வீணைக்காரன் முதல் நாளே சுகமாகத் தாண்டுகிற இடத்தில் குழல்காரன் மாதக்கணக்கில் வழுக்குவது அதனால்தான்.) கடைசியாக மந்திர ஸ்தாயியில், மூச்சை வெதுவெதுப்பாக விட்டு, கடைசி விரல் வரைக்கும் ஓசை அறாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

முறையெல்லாம் சரிதான். ஆனால் பரீட்சை ஆரம்பித்ததும் ஒரு தர்மசங்கடம் முளைத்தது. வாத்தியார் ஐயா எடுத்து ஊதிய குழல்கள் எல்லாம் ஒன்றைப் போல் ஒன்று அமிர்தமாகப் பொழிந்தன. கொஞ்சம் பிசகியிருந்த ஸ்வரத்தையும் அவருடைய உதடு, அவர் அறியாமலே, அந்தந்த க்ஷணத்தில் திருத்திவிடுகிறது. அவற்றையே வாங்கி நான் ஊதியபோது எல்லாம் ஒன்றைப் போல் ஒன்று அழுதன. சரியாக இருந்த ஸ்வரத்தையும் என் உதடு, நான் அறியாமலே, கெடுத்துவிடுகிறது. ஆக, அவர் வாயில் எல்லாம் நல்ல குழல்; என் வாயில் எல்லாம் பழைய குழல். எவர் வாயை நம்பித் தேர்ந்தெடுப்பது? ஆரம்ப வித்தியார்த்திக்கு இந்தப் பிரச்னை இல்லை, அவனுக்குக் காது இன்னும் திறக்கவில்லை, வித்துவானுக்கும் இல்லை. காது மட்டும் முன்னால் ஓடிப்போய் உதடு பின்தங்கிவிட்ட எங்கள் வர்க்கத்துக்கே உரிய வேதனை இது.

போதாததற்குக் கடைக்காரர் ஒரு தத்துவத்தை எடுத்து விட்டார். "ஏ.சி.ல எல்லாக் குழலும் கொஞ்சம் இறங்கித்தான் சார் பேசும். உங்க ஊர் வெயில்ல தானா ஏறிடும்." அவர் சொன்னது பொய்யுமல்ல. காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் அதில் ஓசை செல்லும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். வேகம் கூடினால் குழலின் சுருதியும் கூடும். பத்து டிகிரி வித்தியாசத்துக்கு ஓர் அரைச் சுரத்தில் கால் பங்குக்கு மேலேயே ஏறிவிடும். ஊதுகிறவனின் மூச்சுச் சூடு அதைச் சற்று ஈடுகட்டும். சாஸ்திரீயமாக இது சரியே. ஆனால் இதனால் விளைந்தது என்னவென்றால், இறங்கிப் பேசிய குழல் இறங்கிய குழலா, குளிரில் இருக்கிற நல்ல குழலா, அல்லது என் உதட்டின் கைங்கரியமா என்று மூன்றாவது சந்தேகம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. குழல்களைக் கையிலெடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போய் வெயிலில் நின்று ஊதினேன். மயிலாப்பூரில் அதை யாரும் விசேஷமாகக் கருதவில்லை, ஒரு பெரியவர் மட்டும் நின்று கேட்டுவிட்டு, "வர்ணமா?" என்று விசாரித்து, பதில் வருவதற்குள் நடந்துவிட்டார்.

முடிவில் இரண்டு குழல்கள் மிஞ்சின. ஒன்றில் மேல் ஷட்ஜம் அழகாக ஒத்தது, மந்திரம் சற்றுச் சோனியாக இருந்தது. மற்றதில் மந்திரம் அபாரம், மேலே சற்று இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. வாத்தியார் ஐயாவைப் பார்த்தேன். அவர் இரண்டையும் ஊதி, இரண்டுக்கும் "பாக உந்தி" சொன்னார். கடையில் மின்விசிறி இல்லாததால் அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. "மூங்கில் சார், எப்ப வெடிக்கும்னு சொல்ல முடியாது, ரெண்டையும் எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர். இரண்டும் சேர்ந்து அவற்றை வைத்துக்கொள்ளும் உறையின் விலைக்குக் கொஞ்சம்தான் கூட.

இப்போது காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றுமாக, உஷ்ணமானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டில் எது உயர்ந்தது என்ற ஆராய்ச்சி நடந்து வருகிறது. அது முடிகிற வரைக்கும் வர்ணத்தை நிறுத்தி வைத்திருப்பதாக வாத்தியார் ஐயாவிடம் தெரிவித்தேன். அவசரமில்லை என்று உடனே, முன்னெப்போதும் கண்டிராத மலர்ச்சியோடு, அனுமதி கொடுத்தார்.