கொடியேறிய நாளில் ஐந்து குட்டி

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி. நல்லூரில் கொடியேறிய அன்று, கீழே தண்ணீர் மோட்டருக்குப் பின்னால் ஒரு தெருநாய் ஐந்து குட்டி போட்டது. 'உடனே அப்புறப்படுத்த வேண்டும்' என்று வாட்ஸ்அப்பில் தீர்மானம் பறந்தது. ஆனால் சங்கத் தலைவர் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய்விட்டார். திருவிழா 25 நாள். அவர் வந்துதான் கூட்டம்.

பிறந்த குட்டிக்குக் கண்ணும் மூடல், காதும் மூடல். குளிரில் நடுங்கக்கூடத் தெரியாது. சூட்டுக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். தாய் நக்கிவிட்டால்தான் மூத்திரமே போகும். தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, நெஞ்சால் ஊர்ந்து, முலையின் சூட்டை மூக்கால் தேடிப் பிடிக்கும். இந்த ஐவரால்தான் தொடர்மாடியின் பாதுகாப்புக்கு ஆபத்தாம்.

மூன்றாம் மாடி மாமி, கனடாப் பேரன் உடம்பு பிரட்டிய நாளைக்கூட மறக்காதவர். நாளாந்தம் கீழே இறங்கிக் கணக்கெடுத்தார்.

"எங்கட பொடியன் நிறை இரட்டிக்க அஞ்சு மாசம் எடுத்தவன். இதுகள் பத்து நாளிலையே! தாய்க்கு என்னத்தைக் குடுக்கிறியள்?"

"கொத்துரொட்டி மிச்சம்தான் அம்மா" என்றார் வாட்ச்மேன்.

ரகசியம் ரொட்டியில் இல்லை. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசுப்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பால்மா கரைத்துக்கொண்டு வந்த புண்ணியவான்களை வாட்ச்மேன் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது சரி.

பத்தாம் திருவிழா, மஞ்சம். மூத்ததின் கண் கீறலாகத் திறந்தது. உள்ளே நீலப் புகார். பார்வை தெளிய இன்னும் நாளாகும். இரண்டு கிழமை கடந்ததும் காது. அந்தக் காதில் முதலில் விழுந்தது சூன் பாண் ஓட்டோவின் பீத்தோவன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சங்கீத வகுப்பில் காசு கட்டியும் கிடைக்காத பாக்கியம்.

சப்பரத்தன்று எழுந்து நின்றன; பின்பக்கம் மட்டும் சொல் கேட்கவில்லை. தேரன்று பாற்பல் முளைத்து, குரைப்பும் வந்திருந்தது. தீர்த்தம் முடிந்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு தலைவர் வந்து இறங்கினார். ஐந்தும் ஓடிப்போய் அவருடைய செருப்பைக் கவ்வின. ஐந்து கிழமைக்குப் பிறகு வந்திருந்தால் வேட்டியும் போயிருக்கும்.

கூட்டம் நடந்தது. அப்புறப்படுத்தும் தீர்மானத்தை முன்மொழிய ஆளில்லை. மாமி இரண்டுக்குப் பெயரே வைத்துவிட்டார்.

குட்டி வேண்டியவர்கள் எட்டுக் கிழமை முடிய வாருங்கள். அதற்குமுன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. விசர்நாய்த் தடுப்பூசி உங்கள் பொறுப்பு. தாய்க்குக் கருத்தடை செய்யக் காசு சேர்க்கிறோம். பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கொருமுறை பருவத்துக்கு வரும். எங்கள் சங்கம் கூடும் வேகத்துக்கு அது குறுகிய தவணை. ஆகவே காசை மாமியிடமே கொடுங்கள்.