புறாக் குஞ்சு பட்ஜெட்

டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்தவ வீடுகளில் பழைய டைரியின் பின்பக்கத்தில் ஒரு கிறிஸ்துமஸ் கணக்கு ஆரம்பமாகும். பிள்ளைகளுக்கு உடுப்பு, அச்சு முறுக்குக்கு மாவு, கேக், கறி, கேரல் பாட வருகிறவர்களுக்குக் காணிக்கை. கூட்டிப் பார்த்தால், இயேசு பிறந்த கதையில் அகுஸ்துராயன் குடிமதிப்பு எடுத்ததே சுலபமான வேலை என்று தோன்றும். கையிலிருப்பது அதில் பாதிக்குக்கூடக் காணாது. இதற்காகக் கூசுகிறவர்கள் லூக்கா 2ஆம் அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் தள்ளிப் படிக்க வேண்டும். மேய்ப்பர்கள் திரும்பிப் போனதும் நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோம். வரவு செலவு அதற்கப்புறம்தான் வருகிறது. குழந்தையை எருசலேம் ஆலயத்துக்குத் தூக்கிப் போகும் பெற்றோர், பலிக்காகப் புறாக்களோடு போகிறார்கள். மோசேயின் சட்டப்படி (லேவியராகமம் 12) ஆட்டுக்குட்டி கொடுக்க வேண்டும். அதற்கு வழியில்லாதவர்களுக்குத்தான் புறாச் சலுகை. ஆக, இந்தப் பண்டிகையின் மூலக் குடும்பமே சலுகையில் காலம் தள்ளிய குடும்பம்.

பிற்பாடு வந்தவர்களும் செலவைக் கூட்டிவிடவில்லை. 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ ஊரில் அசிசியின் பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைத்தபோது வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும் போதுமாயிருந்தன. இன்றைக்குக் கடையில் வாங்கும் ரெடிமேட் குடிலுக்கு உள்ள பெரிய குறை, பிள்ளைகளைப் பார்த்து "தொடாதே" என்று நாம் சொல்ல வேண்டியிருப்பது. காசில்லாத வீட்டில் அந்தப் பேச்சே எழாது. சிமெண்ட் பை காகிதத்தைக் கசக்கினால் மலை. பத்து நாள் முன்பே சிரட்டையில் கேழ்வரகு தூவித் தண்ணீர் தெளித்தால் புல்வெளி. பஞ்சு உடம்புக்குத் தீக்குச்சிக் கால் ஒட்டினால் ஆடு. மூன்று காலில் நின்றாலும் ஆடுதான். போன வருடப் பொம்மைகளில் ஒரு ராஜாவுக்குத் தலை போயிருந்தாலும் பாதகமில்லை. குழந்தையைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் ராஜாக்கள் என்றோ, மூன்று பேர் என்றோ மத்தேயு எங்கும் எழுதவில்லை.

"வேதமெல்லாம் சரி, பக்கத்து வீட்டுப் பையனின் ரிமோட் காருக்கு என்ன பதில்?" என்பார்கள். நியாயமான கேள்வி. லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தைச் சொல்லி எந்தப் பிள்ளையின் அழுகையும் நின்றதாகத் தெரியவில்லை. ஏங்கத்தான் செய்யும். ஆனால் கார் வைத்திருக்கும் பையனும் சிரட்டையில் முளை வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்க இந்த வீட்டுக்குத்தான் வருவான். பாட்டரி தீர்ந்ததும் கொஞ்சம் சீக்கிரமாகவே வருவான்.

உடுப்பு விஷயத்தில் மட்டும் என் வாதம் செல்லாது. கேக்கை விடலாம், கறியைக் குறைக்கலாம். 25ஆம் தேதி காலை ஆராதனைக்குப் பழைய சட்டையில் போகச் சொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். அங்கே உதவுவது "வளர்ற பிள்ளை" என்ற பழைய பொருளாதாரக் கொள்கைதான். இரண்டு அளவு பெரிதாக எடுத்து, பேண்டின் கீழ்ப்பக்கத்தை உள்ளே மடித்துத் தைத்துவிட்டால், வருடத்துக்கு ஒரு விரற்கடை இறக்கிக்கொண்டே போகலாம்.