முந்திப் போய் மறி, பேராண்டி!

என்ன பேராண்டி, 'ஹெட் ஆஃப்'னா தலைய எடுக்கிறதுன்னு எழுதி வச்சிருக்க? ஒங்க வாத்தியார் பார்த்தா முதல்ல ஒன் தலையத்தான் எடுப்பாரு. மாடு அடுத்தவன் வயல்ல வாய வைக்கிறதுக்குள்ள குறுக்க ஓடி மறிச்சுத் திருப்புறோம்ல, அதான் ஹெட் ஆஃப். பின்னாலயே 'ஏய் ஏய்'னு கத்திக்கிட்டு ஓடுனா, அது ஊருக்கு வேடிக்கை.

இதுக்கு உதாரணம் தேடி லண்டனுக்கா போவணும்? நம்ம தருமபுரம் கோயில்லயே இருக்கு. மாயவரத்துப் பக்கம் மடம் இருக்கிற தருமபுரம் வேற, அங்க பஸ் ஏறிப்புடாத. நம்ம சாமி பேரு யாழ்மூரிநாதர். ஏழாம் நூத்தாண்டுல திருஞானசம்பந்தரோட நீலகண்ட யாழ்ப்பாணர் இங்க வந்தாரு. அவரு அம்மா பொறந்த ஊருல்ல, சொந்தக்காரங்க சும்மா இருப்பாங்களா? 'நம்ம ஆளு யாழ் வாசிக்கப் போய்த்தான் பதிகத்துக்கே இம்புட்டுப் பேரு'ன்னு அளந்து விட்டாங்க. மனுசன் கூசிப்போயி, யாழுக்கு அடங்காத பதிகம் ஒண்ணு பாடுங்கன்னு சம்பந்தரையே கேட்டாரு. பாடினாரு. யாழு திணறிப்போச்சு. இது எதுக்குன்னு ஒடைக்கத் தூக்கிட்டாரு பாணர். ஓங்கின கை எறங்கறதுக்குள்ள சம்பந்தர் தடுத்துட்டாரு. பெரியபுராணத்துல சேக்கிழார் சொல்ற கதை இது. ஒடைஞ்சப்புறம் போயி 'அடடா'ன்னு சொல்றதுக்குத்தான் சொந்தக்காரங்க இருக்காங்களே!

இன்னொண்ணு. அந்தச் சொல்லுக்குப் பின்னால வம்பு தும்பத்தான் வைக்கணும்: சண்டை, நஷ்டம், வெள்ளம். 'கல்யாணத்த ஹெட் ஆஃப் பண்ணினேன்'னு எழுதினா பொண்ணு வீட்டுக்காரன் கம்போட வருவான். 'ஸ்டேவ் ஆஃப்'னு பங்காளி ஒருத்தன் இருக்கான். அவன் பாதி நேரம் தவணை வாங்குற ஆளு. சோத்துக்கு முன்னால டீயக் குடிச்சுப் பசிய ஏமாத்துறோமே, அந்த ரகம். திருஷ்டிக்குப் பூசணிக்கா கட்டுறது 'வார்ட் ஆஃப்'.

நாம கடைமடை. ஐப்பசி மழை எறங்குறதுக்கு முந்தி வடிகால் வாய்க்கால வெட்டி விட்டா ஹெட் ஆஃப். சம்பாப் பயிரு முழுகினப்புறம் வரப்புல நின்னு போன்ல படம் புடிச்சா, அதுக்குப் பேரு நிவாரண மனு.

சரி, புஸ்தகத்த மூடு. மம்பட்டி திண்ணையோரம் கெடக்கு. ஒங்க பாட்டி என்னய வாய்க்கா வெட்டச் சொல்றதுக்குள்ள நீ போயி வெட்டிப்புடு. எனக்கு ஹெட் ஆஃப், ஒனக்கு வீட்டுப்பாடம்.