தானே எழுதிக்கொண்ட மாறுதல் உத்தரவு

கொலம்பஸ், ஒஹையோ
நவம்பர் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி இந்த மழைக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. மரங்கள் இலையைக் கொட்டி முடித்துவிட்டன. அள்ளி முடிக்க வேண்டியது நான்.

உங்கள் கடிதம் கிடைத்தது. என்னை இரண்டு வரியில் விசாரித்துவிட்டு, உங்கள் பேரனான என் பையனை இரண்டு பக்கத்துக்கு விசாரித்திருக்கிறீர்கள். "காலேஜ் மாறப்போகிறானாமே, என்ன வம்பு? ஃபெயிலா, அடிதடியா, பெண் விவகாரமா?" என்று வரிசைப்படுத்திக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் இல்லை. பெண் விவகாரமாக இருந்தால் இதே காலேஜில் இன்னும் இரண்டு வருஷம் சேர்த்து இருக்கிறேன் என்றல்லவா சொல்லியிருப்பான்! படிக்க நினைக்கும் பாடம் வேறோர் இடத்தில் நன்றாக இருக்கிறது, போகிறேன் என்கிறான். அவ்வளவுதான்.

உங்களுக்குத் திகில் ஏற்பட்டதில் ஆச்சரியமில்லை. சர்வீஸ் முழுக்க மாறுதல் உத்தரவு என்றாலே தண்டனை என்று பார்த்தவர் நீங்கள். மேலே யாருக்காவது கோபம் வந்தால் தண்ணியில்லாக் காடு. யாராவது மனமிரங்கினால் சொந்த ஜில்லா. இந்த ஊரில் மாறுதல் உத்தரவை ஆளே தனக்குத்தானே எழுதிக்கொள்கிறான். இதில் இப்போது கரைகண்டவர்கள் காலேஜ் ஃபுட்பால் ஆடும் பையன்கள். அவர்களில் ஒருவன் கதையைச் சொல்கிறேன். படித்துவிட்டு உங்கள் பேரனைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

முதலில் ஆட்டம். டெலிவிஷனில் நீங்கள் விடிய விடியப் பார்க்கும் உலகக்கோப்பை ஃபுட்பால் அல்ல இது. நூறு கஜ மைதானம், பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து கையில்தான் இருக்கும். நான்கு முயற்சிக்குள் பத்துக் கஜமாவது முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் குவார்ட்டர்பேக் என்பவன் எதிரே நிற்பவர்களை நோட்டம் விட்டு, தன் ஆட்களுக்கு உத்தரவு கூவி, பந்தை வாங்கி, இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று தீர்மானிக்க வேண்டும். அதற்குள் நூறு கிலோவுக்குக் குறையாத ஆசாமிகள் நாலு பேர் அவன்மேல் விழ ஓடிவந்துகொண்டிருப்பார்கள்.

மற்ற பல இடங்களுக்கு ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். குவார்ட்டர்பேக் நாற்காலி மட்டும் ஒன்றே ஒன்று. அணியில் அதற்குக் காத்திருப்பவர்கள் மூன்று நான்கு பேர். உட்கார்ந்திருப்பவனுக்குப் படிப்பு முடிய வேண்டும், அல்லது கையோ காலோ முறிய வேண்டும். சூப்பரின்டென்டென்ட் ரிட்டயராகும் தேதியை நீங்கள் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தீர்களே, அதே காத்திருப்புதான்.

இந்தக் கொலம்பஸ்காரர்களுக்கு ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி என்றால் உயிர். தின்றால் வயிற்றுக்கு ஆகாத 'பக்கை' என்ற கொட்டைதான் அணியின் பெயர். ஆற்றோரம் குதிரை லாட வடிவத்தில் ஒரு ஸ்டேடியம். லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். சனிக்கிழமை ஆட்டம் இருந்தால் ஊரே சிவப்புச் சட்டையில் திரியும். கடைவீதி காலியாகிவிடும் என்பதால் நாங்கள் காய்கறி வாங்கப் போவது அந்த நேரத்தில்தான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு மோதும் வாரத்தில், வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் உள்ள 'எம்' எழுத்தின்மேல் எல்லாம் சிவப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டிவிடுகிறார்கள். நம் ஆட்கள் தீபாவளி விழாவுக்குத் தேதி குறிக்கும்போதும் முதலில் ஆட்ட அட்டவணை, அப்புறம்தான் பஞ்சாங்கம்.

இந்த அணியின் நாற்காலிக்குக் காத்திருந்தவன்தான் நம் கதாநாயகன் ஜோ பர்ரோ. கொலம்பஸுக்குத் தென்கிழக்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் ஆத்தென்ஸ் என்ற சின்ன ஊர், அங்கே வளர்ந்தவன். குன்றும் காடுமான அப்பலாச்சியப் பகுதி அது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிய பிறகு அந்தப் பக்கத்துக்கு நல்ல காலம் திரும்பவில்லை. அப்பா ஜிம்மி பர்ரோ அங்கே உள்ள ஒஹையோ பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் பயிற்சியாளராக இருந்தவர். அப்பாவும் இரண்டு அண்ணன்களும் ஆடியது நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு. அந்த நெப்ராஸ்கா இவனைக் கூப்பிடவே இல்லை. ஒஹையோ ஸ்டேட் கூப்பிட்டது.

2015இல் வந்தான். முதல் வருஷம் பயிற்சி மட்டும், ஆட்டம் கிடையாது. அடுத்த வருஷம் ஜே.டி. பாரெட் என்ற மூத்தவனுக்குப் பின்னால் நின்றான். 2017இல் சீசன் தொடங்கும் முன்பே பந்தெறியும் கை எலும்பு முறிந்தது. அந்த இடைவெளியில் டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் என்ற இளையவன் முன்னே வந்துவிட்டான். நவம்பரில் மிச்சிகன் ஆட்டத்தில் பாரெட்டுக்கு அடிபட்டபோது இறங்கி ஜெயித்துக் கொடுத்தவனும் ஹாஸ்கின்ஸ்தான். மூன்று வருஷத்தில் நம் ஆள் ஆட்டத்தில் எறிந்தது மொத்தம் 39 பந்து. பென்ஷன் பேப்பர் நகர்ந்த வேகம் உங்களுக்கே நினைவு வந்திருக்கும்.

அந்த மூன்று வருஷத்தில் அவன் செய்த காரியத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நாலு வருஷப் படிப்பை மூன்றிலேயே முடித்துப் பட்டம் வாங்கிவிட்டான். குடும்ப வரவு செலவு, நிதி நிர்வாகம் சம்பந்தப்பட்ட படிப்பு. அப்போதிருந்த விதிப்படி காலேஜ் மாறும் ஆட்டக்காரன் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். பட்டம் வாங்கியவனுக்கு விலக்கு உண்டு. ஆக, மைதானத்தில் கிடைக்காத விடுதலையைப் பரீட்சை ஹாலில் சம்பாதித்துக்கொண்டான். 2018 மே மாதம் கிளம்பிவிட்டான்.

போன இடம் தெற்கே லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம், பேட்டன் ரூஜ் நகரம். ஊதாவும் பொன்னும் அவர்கள் நிறம். வளாகத்துக்குள்ளேயே உயிருள்ள புலி ஒன்றை வைத்து வளர்க்கிறார்கள். அப்போதைய பயிற்சியாளர் எட் ஆர்ஜெரான் அந்த மாநிலத்து மண்ணின் மைந்தர். அவர் கரகரத்த குரலில் பேசும் இங்கிலீஷ், இங்கிலீஷ்காரர்களுக்கே பாதிதான் புரியும். வடக்கத்திப் பையன் அவரிடம் போய்ச் சேர்ந்து, முதல் வருஷம் 16 டச்டவுன் (எதிராளியின் கடைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி வாங்கித் தரும் வீச்சு) எறிந்தான். பரவாயில்லை என்றார்கள். கொலம்பஸில் ஹாஸ்கின்ஸ் அதே வருஷம் 50 எறிந்தான். "பார்த்தீர்களா, நாங்கள் சரியான ஆளைத்தான் வைத்துக்கொண்டோம்" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று எனக்கு விளக்கினார்.

2019 வந்தது. நியூ ஆர்லியன்ஸ் தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளரைக் கூட்டிவந்து, பந்தெறியும் முறையையே திருத்தினார்கள். அந்த வருஷம் பர்ரோ எறிந்த டச்டவுன் 60. பெரிய காலேஜ் ஃபுட்பாலில் அதுவரை ஒரு சீசனில் யாரும் அவ்வளவு எறிந்ததில்லை. 5,671 கஜம்; எதிராளி கையில் போய்ச் சேர்ந்த பந்து ஆறே ஆறு. அலபாமாவை அதன் சொந்த மைதானத்திலேயே 46-41 என்று சாய்த்தார்கள். ஆடிய 15 ஆட்டத்திலும் வெற்றி. பக்கத்து வீட்டுப் பெரியவர் கொஞ்ச நாள் வேலியோரம் வரவில்லை. பிறகு வந்து, "அவன் டிகிரி எங்களுடையது, தெரியுமோ இல்லையோ?" என்றார்.

சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டத்தன்று அவன் செய்த ஒரு வேலை எனக்குப் பிடித்தது. லூசியானாவில் பிரெஞ்சு வம்சாவளி ஜாஸ்தி. முதுகில் இருக்கும் தன் பெயரை அவர்கள் பாணியில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். அரங்கமே எழுந்து நின்றுவிட்டது. வந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. என் பெயரை இந்த ஊர்க்காரர்கள் இத்தனை காலமாகக் கடித்துத் துப்புவதை நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் நியூயார்க்கில் ஹைஸ்மன் டிராஃபி கொடுத்தார்கள். காலேஜ் ஆட்டக்காரனுக்கு இந்த நாட்டில் அதற்கு மேல் கௌரவம் இல்லை. லூசியானா பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டவன், மேடையேறி ஆத்தென்ஸைப் பற்றிப் பேசினான். தன் ஊர்ப்பக்கம் வறுமை அதிகம், பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பும் பிள்ளைகளுக்குத் தட்டில் போதிய சாப்பாடு இல்லை, அவர்களுக்காகவும் இங்கே நிற்கிறேன் என்று கண்கலங்கிச் சொன்னான். அதைக் கேட்ட ஆத்தென்ஸ்காரர் ஒருவர், அந்த வட்டாரத்து இலவச உணவுக் கூடத்துக்கு ஆயிரம் டாலர் திரட்டலாம் என்று ஆரம்பித்தார். சேர்ந்தது 5 லட்சம் டாலருக்கு மேல். காத்திருக்க வைத்த ஒஹையோ ஸ்டேட்டுக்கும் அதே மேடையில் நன்றி சொன்னான். ஜனவரியில் கிளெம்சனை 42-25 என்று தோற்கடித்து தேசியக் கோப்பையையும் வாங்கினான். 2020இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது முதல் பெயர் அவனுடையது. எடுத்தது இதே ஒஹையோவின் சின்சினாட்டி அணி. மாறுதலில் போனவன் பதவி உயர்வோடு சொந்த மாநிலத்துக்கே வந்துவிட்டான்!

இது ஒருவன் அதிர்ஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருஷம் ஹைஸ்மன் மேடைக்கு அழைக்கப்பட்ட நாலு பேரில் மூவர் குவார்ட்டர்பேக், மூவரும் காலேஜ் மாறியவர்கள். ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் ஜார்ஜியாவிலிருந்து இங்கே ஒஹையோ ஸ்டேட்டுக்கு வந்தவன். ஜேலன் ஹர்ட்ஸ் அலபாமாவில் தேசிய இறுதி ஆட்டத்தின் நடுவிலேயே உட்கார வைக்கப்பட்டு, அதன் பிறகும் ஒரு வருஷம் பொறுத்து, பட்டம் வாங்கிக்கொண்டு ஓக்லஹோமாவுக்குப் போனவன். நீங்கள் சொல்வீர்களே மனமொத்த மாறுதல், அது தேசம் முழுக்க நடந்த மாதிரி இருந்தது. 2017 முதல் 2023 வரை ஏழு ஹைஸ்மனில் ஐந்து, காலேஜ் மாறிய குவார்ட்டர்பேக்குகளுக்கே போயிருக்கிறது.

இப்போது நிலைமை இன்னும் முற்றிவிட்டது. முன்பெல்லாம் வேறு காலேஜோடு பேசவே பழைய பயிற்சியாளரின் அனுமதி வேண்டும். 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்று ஒரு பதிவேட்டைத் திறந்தார்கள். பெயரைப் பதிந்தால் போதும், எல்லாப் பயிற்சியாளர்களும் பார்ப்பார்கள். 2021இல் முதல் மாறுதலுக்கு ஒரு வருஷம் உட்கார வேண்டாம் என்றார்கள். 2024இல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை மாறுதலுக்கும் உட்கார வேண்டாம் என்றாகிவிட்டது. பணமும் வந்துவிட்டது. 2021 ஜூலையிலிருந்து விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே தன் வருமானத்தில் பங்கு தரலாம். எல்லா விளையாட்டுக்காரர்களுக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை. ஜே.டி. டேனியல்ஸ் என்ற குவார்ட்டர்பேக் நாலு பல்கலைக்கழகங்களில் ஆடிவிட்டான். பெயரைப் பதிந்துவிட்டு யாரும் கூப்பிடாமல் நடுத்தெருவில் நிற்கிற பையன்களும் ஏராளம். அவர்களைப் பற்றி வேலியோரத்தில் யாரும் பேசுவதில்லை.

அதனால்தான் உங்கள் பேரனிடம் இந்தக் கதையை முழுவதும் சொன்னேன். அவன் 60 டச்டவுனைப் பிடித்துக்கொண்டான். நான் 39 பந்தைப் பிடித்துக்கொண்டேன். கிளம்புவதில் தப்பே இல்லை. எறிய வாய்ப்பே வராத வருஷங்களில் கையில் என்ன சேர்த்துக்கொண்டு கிளம்புகிறோம் என்பதுதான் கேள்வி. இந்த வருஷப் பாடங்களை நல்ல மார்க்கோடு முடி, அந்தக் காலேஜ் எதையெதை ஏற்றுக்கொள்ளும் என்று எழுத்தில் வாங்கு, இங்கே உனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களிடம் முகம் கொடுத்து விடைபெற்றுக்கொள், அப்புறம் போ என்றேன். இரண்டு நாள் முறைத்தான், மூன்றாம் நாள் பட்டியல் போட ஆரம்பித்தான்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். புது இடத்தில் சேர்ந்த முதல் மாதம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் நம் குடும்பத்தில் உங்களைவிட அனுபவசாலி கிடையாது. எந்தக் கட்சியிலும் சேராதே, பழைய ஆபீஸில் இப்படிச் செய்வோம் என்று வாயைத் திறக்காதே, பியூனிடம் முதலில் சிநேகமாகு என்றெல்லாம் எனக்குச் சொன்னீர்களே, அதையெல்லாம் அவனுக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள். நான் சொன்னால் உபதேசம், சின்னத் தாத்தா சொன்னால் அனுபவம்.

சித்திக்கும் தங்கைக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அண்ணன் மகன்

பி.கு.: அவனுக்குத் தமிழ் படிக்க வரும், உங்கள் கையெழுத்துதான் வராது. கொட்டை எழுத்தில் எழுதவும். இடம்விட்டு எழுதினால் இன்னும் நல்லது.