கெடா வெட்டிப் படிக்க வைப்போம்

வா மாப்ள, உக்காரு. பாப்பா ப்ளஸ் டூ பாஸாம்ல? முக்கு ரோட்டுல நீ வச்ச ஃப்ளெக்ஸ் பேராவூரணி வரைக்கும் தெரியுதுங்குறாங்க. காலேஜுக்குக் கட்டப் பணமில்லேன்னாலும் பேனருக்குப் புரட்டிட்ட பாரு, அதான் நம்ம பரம்பரை.

2015-லேயே தபால் ஆபீஸ்ல செல்வமகள் கணக்குன்னு ஒண்ணு வந்துச்சு. பாப்பாவுக்கு அப்ப பத்து வயசு ஆவல. வருசத்துக்குக் கொறஞ்சது ஆயிரம் கட்டுன்னான், பெறவு அதையும் 250-ன்னு கொறைச்சான். பத்தாவது முடிச்சதும் படிப்புக்குப் பாதிய எடுத்துக்கலாம். நீ என்ன பண்ணுன? பாப்பாவுக்குக் காது குத்தி ஊருக்கே கறிச்சோறு போட்ட. சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு, நானே ரெண்டு பந்தியில உக்காந்தேன்.

ஆறாவதுல வேன்ல ஏத்தி மெட்ரிக் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனியே, அதையும் சொல்லணும். எதிர்வீட்டுப் புள்ள ஆறுலேருந்து பன்னெண்டு வரைக்கும் சர்க்கார் பள்ளிக்கூடம். அதுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அதுல சீட்டு கெடைச்சா இன்ஜினீயரிங் ஃபீஸ் சர்க்கார் தலையில. மாசம் ஆயிரம் ரூவா புதுமைப்பெண் காசு வேற. உனக்கு ஷூவும் டையும் மிச்சம்.

சரி, இப்ப கடனுக்கு அலையுற. பைனான்ஸ்காரரு தங்கமான மனுசன். சான்றிதழ் கேக்க மாட்டாரு, காலேஜ் பேரு கூட கேக்க மாட்டாரு. நூத்துக்கு மாசம் அஞ்சு ரூவா, அவ்ளோதான். லட்ச ரூவா வாங்குனா பாப்பா நாலு வருசம் படிச்சு முடிக்கையில வட்டி மட்டும் 2,40,000. அசலு அப்புடியே உக்காந்திருக்கும். பேங்க்காரன் ஒரு வருசத்துக்குக் கேக்குறத இவரு ரெண்டே மாசத்துல வாங்கிருவாரு, அம்புட்டுச் சுறுசுறுப்பு. பேங்க்காரன் மந்தம். ஏழரை லட்சம் வரைக்கும் நெலப் பத்திரத்தக் கேக்க மாட்டான். படிச்சு முடிச்சு இன்னும் ஒரு வருசம் ஆவுற வரைக்கும் தவணையும் கேக்க மாட்டான். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருந்து, அங்கீகாரமுள்ள காலேஜ்ல தொழில் படிப்பு படிச்சா, அதுவரைக்கும் ஆவுற வட்டிய மத்திய சர்க்காரே கட்ட ஒரு திட்டம் இருக்கு. என்ன, பத்து நட நடக்கணும். உனக்குத்தான் டீக்கடைக்கே பைக்கு வேணுமே.

நேத்து வெள்ளச் சட்ட போட்ட புரோக்கரு வந்துட்டுப் போனானாம்ல? மேனேஜ்மென்ட் கோட்டாவுல சீட்டுங்குறான், அதுக்கு நன்கொடைங்குறான். நன்கொடை வாங்கக் கூடாதுன்னு 1992-லேயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. சட்டத்துக்குப் பயந்துதான் ரசீது குடுக்குறதில்ல போல. நம்ம வீட்டுல பட்டம் வாங்கப் போற மொத ஆளு பாப்பாதான். கவுன்சிலிங்ல போனா மொதல் பட்டதாரின்னு கல்விக் கட்டணத்துல சலுகை உண்டு. கோட்டாவுல போனா அந்தச் சான்றிதழ மடிச்சு முறுக்கு கட்டிக்கலாம்.

இதெல்லாம் வேணாம், ஆடியில மொய் விருந்து வச்சிருறேங்குற. வையி, நான் வேணாங்கல. பேங்க்கு பேரே தெரியாத காலத்துலயும் நம்ம பக்கத்துப் புள்ளைங்கள அந்த மொய் நோட்டுதான் கரையேத்துச்சு. நாலஞ்சு பேரு கூட்டா வச்சா பந்தச் செலவும் கெடாச் செலவும் கொறையும். ஆனா கஜா புயல்ல தென்னை சாஞ்ச பெறவு மொய் போடுறவன் கையும் சுருங்கிப் போச்சு, அத மனசுல வையி. இன்னொண்ணு, வட்டியில்லாப் பணம்னு குதிக்காத. போட்டவன் வீட்டு விருந்துல, அவன் போட்டதுக்கு மேல கொஞ்சம் சேத்துத் திருப்பி வைக்கணும். பேங்க்காரனாச்சும் பாப்பா படிச்சு முடிக்கட்டும்னு பொறுப்பான். மொய்க்காரன் அடுத்த ஆடிக்கே பத்திரிகையோட வாசல்ல நிப்பான். அதனால வந்த பணத்த மொதல்ல காலேஜ்ல கட்டு. மாடிக்குக் கம்பி எறக்கிட்டு என்கிட்ட வந்து தலையச் சொறியாத.

நாளைக்குக் காலையில இ-சேவை மையத்துக்குப் போயி வருமானச் சான்றிதழுக்கும் மொதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் எழுதிப் போட்டுட்டு வா. புரோக்கரு மறுபடி வந்தா என் வீட்டுக்கு அனுப்பு. வயசான காலத்துல எனக்கும் பொழுது போவணும்ல.