30 ஆம்பியர் குடித்தனம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

அரிசோனா பாலைவனமாயிற்றே, அங்கே எதற்கடா ஹீட்டர் என்று போனில் கேட்டீர்கள். ஃபீனிக்ஸ் வரைக்கும் கேள்வி நியாயம்தான். நாங்கள் வந்திருப்பது கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்கு. ஏறக்குறைய 7,000 அடி, நம் ஊட்டியை எட்டிப் பிடிக்கும் உயரம். டிசம்பர் ராத்திரியில் வாளித் தண்ணீர் காலையில் கட்டியாகிவிடும்.

குடியிருப்பு, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்து வந்த டிரெய்லர். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு, சுவர்தான் பேருக்கு. உள்ளே கேஸில் ஓடும் ஃபர்னஸ் இருக்கிறது. ஆனால் கேஸ் நம் காசு, கரண்ட் இடவாடகையில் அடக்கம். அதனால் ஒரு குட்டி மின்ஹீட்டர்.

மின்வாரியத்தில் இருந்த உங்களிடம் ஆம்பியர் கணக்கு பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். இருந்தாலும் கேளுங்கள். இங்கே 120 வோல்ட். நம்மூரில் ஆறரை ஆம்பியரோடு திருப்திப்படும் 1500 வாட் ஹீட்டர், இங்கே பன்னிரண்டரையை விழுங்குகிறது. வண்டிக்கு மொத்தம் வருவதே 30; ஹீட்டர் செருகிய லைனின் பிரேக்கர் 15. அதே லைனில் உங்கள் மருமகள் ரைஸ் குக்கரைத் தட்டினால் ‘டக்’. ஹீட்டரும் போச்சு, சாதமும் போச்சு. ஆகவே தினமும் சாயங்காலம் சாதமா, சூடா என்று பேச்சுவார்த்தை. ஹீட்டரை 750 வாட்டுக்குக் குறைத்தால் சமாதானம். சாதம் வேகும்வரை அந்த அரைச் சூட்டில் நாங்கள் கம்பளிக்குள்.

திரைச்சீலை, போர்வைக்கு மூன்றடி தள்ளி வை என்று ஹீட்டர் அட்டையில் எச்சரிக்கை. வண்டியின் நடைபாதையே இரண்டடி! கடைசியில் மேஜையை மடக்கி இடம் பிடித்தோம். கவிழ்ந்தால் தானே அணைந்துவிடும் என்பதால், ராத்திரி பாத்ரூம் போகிறவர் காலில் பட்டால் குளிரே வந்து எழுப்பிவிடும்.

பக்கத்து டிரெய்லர் தாத்தா ஒரு விஷயம் சொன்னார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. தண்ணீர்க் குழாய்களும் தொட்டியும் வண்டித் தரைக்கு அடியில் இருக்கின்றன. ஃபர்னஸ் ஓடினால் பல வண்டிகளில் கொஞ்சம் வெப்பக் காற்று அங்கேயும் போகும். குட்டி ஹீட்டர் மேலே அறையைச் சூடாக்கிவிட்டால், தெர்மோஸ்டாட் ‘எல்லாம் சுகம்’ என்று நம்பி ஃபர்னஸைத் தூங்க விட்டுவிடும். மேலே நாம் வியர்க்க, கீழே குழாய் உறைய, விடிந்தால் பல் தேய்க்கத் தண்ணீர் இருக்காது. அதனால் உறைகிற ராத்திரிகளில் ஃபர்னஸும் ஓட வேண்டும், கேஸ் கஞ்சத்தனம் கூடாது என்பது அவர் கட்டளை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரைச் செருகாதே, பிளக்கைத் தொட்டுப் பார், சுட்டால் பிடுங்கு என்றும் சொன்னார். நீங்கள் பேசுவது போலவே இருந்தது.

சாம்பார் கொதித்தால் ஜன்னலெல்லாம் தண்ணீர் வடிகிறது. கொஞ்சம் திறந்து வைக்கிறோம். சூடாக்குவதும் நாங்களே, குளிரை உள்ளே விடுவதும் நாங்களே.

அடுத்த குளிர்காலம் நீங்களும் பெரியம்மாவும் அவசியம் வர வேண்டும். வரும்போது வெந்நீர் போடும் அந்தக் கம்பி ஹீட்டரை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். 230 வோல்ட் சாமான் இங்கே கால்வாசி சக்தியில்தான் வேலை செய்யும், குளிக்க மத்தியானமாகிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்