தோடிக்கு எத்தனை ரூபாய்?

கோடிக்கணக்கான பாட்டு கைக்குள் கிடக்கிறது. நான் மட்டும் ஏன் இன்னும் ராஜா ஹிட்ஸைத் தாண்டவில்லை? (வாசகர், திண்டுக்கல்)

நேற்று நீங்கள் கேட்டதன் ஜாடையில்தானே பாட்டு ஆப் இன்று பரிமாறும்! 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது இளையராஜாவும் புதுமுகம்தான். அன்றைக்கு உங்கள் அப்பா "எம்.எஸ்.வி. போதும்பா" என்று ரேடியோவை அணைத்திருந்தால்?

புதுப் பாட்டுக்கு எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? (வாசகி, தஞ்சாவூர்)

30 நொடியாவது. அதற்குள் தள்ளிவிட்டால் ஸ்பாட்டிஃபை அதைக் கேட்டதாகவே கணக்கில் சேர்க்காது. பாட்டுகளில் முன்னிசை சுருங்கிப்போனதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். நாதஸ்வரத்தில் மணிக்கணக்கில் தோடி ராகம் வாசித்த டி.என்.ராஜரத்தினம் பிள்ளை இன்று இருந்தால், விடிய விடிய ஊதினாலும் கணக்கில் ஏறுவது ஒரே ஒரு பாட்டு, காசும் அதற்கு மட்டும்தான். உங்கள் ஊர்ப்பக்கத்து ஆளாயிற்றே, நியாயம் கேளுங்கள்!

பாட்டு சிபாரிசு செய்யும் அல்காரிதத்தை ஏமாற்ற முடியுமா? (வாசகர், கோவை)

போனை ஒரு மணி நேரம் பேத்தியிடம் கொடுங்கள். அப்புறம் அது உங்களை அடையாளம் காணத் திணறும்.

நிஜமாகவே புதுசு வேண்டுமென்றால், பாட்டைவிட்டு வாசித்தவரைப் பிடியுங்கள். 'பம்பாய்' தீம் மியூசிக்கில் உருக வைக்கும் அந்தப் புல்லாங்குழல் நவீன்குமாருடையது. அவர் பெயரைத் தட்டித் தேடுங்கள். அங்கிருந்து அவரோடு வாசித்தவர்களுக்குத் தாவுங்கள். இதற்கு அல்காரிதத்தின் சிபாரிசு தேவையில்லை.